எருமை இறங்காத குளம்

நாறும்பூநாதனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பேனாவைத் திறந்ததும் எரிச்சல்தான் முந்திக்கொண்டு வருகிறது. அந்த மனிதர் கெட்டவர் இல்லை. அடுத்தவன் பொருளுக்கு ஆசைப்பட்டதில்லை. ஒரே ஒரு தடவை தவிரப் பொய்யாக நடந்து நான் பார்த்ததில்லை. ஆனால் ஒன்றை நினைத்துவிட்டால் அதை விடமாட்டார். அவர் நினைத்ததையெல்லாம் காகிதத்தில் எழுதிக் கொடுத்தவன் நான். அதனால் எரிச்சலில் பாதி என் மேலேயே வருகிறது.

தென்காசியில் ஒரு வேப்பமரத்தடியில் சாய்வுப் பெட்டியை வைத்துக்கொண்டு மனு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. பட்டாவில் பெயர் மாற்றணும், வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை, பக்கத்து வீட்டுக்காரன் சுவரைத் தள்ளிக் கட்டிவிட்டான் என்று வருகிறவர்களுக்கு எழுதி எழுதியே நடு விரலில் காய்ப்பு ஏறிவிட்டது. என்னை எல்லோரும் ரைட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஊர், குற்றாலம் போகிற ரோட்டிலிருந்து வடக்கே இறங்கினால் வரும். நாறும்பூநாதன் அதே ஊர், அடுத்த தெரு. என்னை விட ஏழு வயது மூத்தவர் என்பதால் எனக்கு அவர் அண்ணாச்சி.

எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் புரட்டாசி நவராத்திரியின் ஒன்பது நாளும் அம்பாளுக்குத் தினம் நூற்றெட்டுச் செந்தாமரை சாத்த வேண்டும். பூ, ஊருக்கு மேற்கே இருக்கும் நல்லமாடன் குளத்தில் பறித்ததாக இருக்க வேண்டும். பறிக்கிற கை நாறும்பூநாதன் குடும்பத்துக் கையாக இருக்க வேண்டும். 1953இல் அவருடைய அப்பா காலமானதும் கூடை இவரிடம் வந்தது. வருஷம் முழுக்க மாலை கட்டுவது அவர் மனைவி வடிவாம்பாளின் வேலை. நவராத்திரித் தாமரை மட்டும் அவர் பொறுப்பு. அதற்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. குளித்து ஈர வேட்டியோடு குளத்தில் இறங்கியவர், கூடையைக் கோயிலில் இறக்கி வைக்கிற வரைக்கும் வாய் திறந்து பேசக் கூடாது.

இந்தக் கட்டுப்பாடு மட்டும் இல்லையென்றால் எல்லாம் அங்கேயே, கரையிலேயே, நாலு வசவோடு முடிந்திருக்கும் என்பது என் கட்சி.

ஆவுடையம்மாள் என்று ஒருத்தி. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். பதினாலு எருமைகளை வைத்துக்கொண்டு பாலும் மோரும் விற்றுப் பிள்ளைகளை வளர்த்தாள். காலையில் பால் கறந்ததும் மாடுகளைக் குளத்துக்குப் பத்திக்கொண்டு வருவாள். நாறும்பூநாதன் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பூப் பறிக்கிற நேரமும் அதுதான். காது கிழிந்த மூளி எருமை முன்னால் இறங்கும், மற்றவை பின்னால். தாமரை இலைகளை மிதித்துக்கொண்டு வந்து நடுக்குளத்தில் புரளும். அவருக்குக் கோபம் தலைக்கு ஏறும். பேசவோ முடியாது. இரண்டு கையையும் ஆட்டி ஆட்டி விரட்டுவார்.

கரையில் நிற்கிறவள் மற்ற பெண்களிடம் சொல்வாள். "அண்ணாச்சி கையக் கையக் காட்டுதாவ. இன்னும் கொஞ்சம் உள்ள எறங்கச் சொல்லுதாவ போல."

பெண்கள் சிரிப்பார்கள். மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். மிதிபட்டதையும் சேறு தெறித்ததையும் ஒதுக்கிவிட்டு நூற்றெட்டு தேற்றுவதற்குள் வெயில் ஏறிவிடும். கோயிலில் கூடையை இறக்கி வைத்த கையோடு அடுத்த பஸ்ஸில் நேராக என்னிடம் வருவார். அடக்கி வைத்ததெல்லாம் வேப்பமரத்தடியில்தான் வெளியே வரும்.

"எழுதும் வே," என்பார். "அந்த எருமை மாடு ஒண்ணுகூட இனி குளத்துல எறங்கப்பிடாது. எழுதும்."

1955இல் ஒன்று எழுதினேன். 1957இல் இன்னொன்று. இரண்டுக்கும் பதில் இல்லை. பதில் வராத மனு நல்லது என்பது என் அனுபவம், அதோடு ஆள் ஓய்ந்துவிடுவான். இவர் ஓயவில்லை. 1960இல் புதுப் பஞ்சாயத்து வந்து, புதுத் தலைவர் வந்து, ஊருக்கு ஏதாவது செய்து காட்ட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்த நேரத்தில் மூன்றாவது மனுவைக் கேட்டார். நான் என் திறமையையெல்லாம் அதில் இறக்கினேன். 'மகிஷாசுரனை வதம் செய்த அம்பாளுக்கு, மகிஷம் புரண்ட சேற்றிலிருந்து மலர் எடுத்துச் சாத்துவது தகுமா என்பதைச் சமூகம் தயவுகூர்ந்து யோசிக்க வேண்டும்.' இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய் ஒரு காபி குடித்தேன். அவ்வளவு பெருமை எனக்கு.

பஞ்சாயத்துக் கூட்டத்தில் அந்த வரியைத்தான் சத்தமாக வாசித்தார்கள். ஆவுடையம்மாளையும் கூப்பிட்டிருந்தார்கள். அவள் வாசலோரமாக நின்று கேட்டுவிட்டுத் தலைவரைப் பார்த்துச் சொன்னாள்.

"கோயில்ல அம்பாள் எருமைத் தலை மேலதான நிக்கா. அதை உருவிட்டா அவ எங்கன நிப்பா?"

கூட்டமே சிரித்தது. தலைவரும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, அவள் சொன்னதைத் தள்ளுபடி என்று எழுதிக்கொண்டு, எல்லோரும் மனுவுக்குச் சாதகமாகக் கை தூக்கினார்கள். குளத்தைச் சுற்றி முள்வேலி வந்தது. 'கால்நடைகள் இறங்கக் கூடாது' என்று தகரப் போர்டு வந்தது. போர்டின் கீழே எங்கள் மனுவின் தேதியையும் போட்டிருந்தார்கள். நாறும்பூநாதன் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் அதைக் காட்டினார்.

எருமைக்குத் தீவனம் இல்லாவிட்டாலும் நாலு நாள் தாங்கும், புரளத் தண்ணீர் இல்லாமல் தாங்காது. வாய்க்காலில் சாரல் காலத்தோடு தண்ணீர் நின்றுபோகும். தைக்குள் அவள் மாடுகளை விற்றுவிட்டாள். யார் வாங்கினார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. பிறகு அவள் விடிகாலை பஸ்ஸில் பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போய்க் காய்கறி எடுத்து வந்து தெருவில் விற்றாள். என் வீட்டுக்காரிகூட அவளிடம்தான் கத்தரிக்காய் வாங்கினாள்.

1961 நவராத்திரியை மறக்க முடியாது. மிதிபடாத குளம். பூ ஒவ்வொன்றும் இரண்டு கை கொள்ளாது. நூற்றெட்டைப் பறித்த பிறகும் குளம் சிவப்பாகவே கிடந்தது. நாறும்பூநாதன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். நானும் என் பங்குக்கு அந்த மகிஷ வரியை நாலு பேரிடம் சொல்லிக்கொண்டேன். அந்த ஒரு வருஷம் எங்களை நன்றாகவே ஏமாற்றிவிட்டது.

மறு வருஷம் கரையோரத்தில் சம்பு தலைகாட்டியது. சம்பு எப்போதும் கொஞ்சம் இருக்கிற புல்தான். பாய்க்கும் கூரைக்கும் அறுப்பார்கள். அது ஆள் உயரம் வளர்ந்து, பழுப்புக் கதிர் விட்டு, கரையிலிருந்து உள்ளே உள்ளே வந்தது. 1963இல் குளத்தில் பாதி சம்பு. சம்பு நிற்கிற இடத்தில் தண்ணீர் கண்ணுக்கே தெரியாது. தாமரை இலை விரிய வெளிச்சம் வேண்டும், இடமும் வேண்டும். இரண்டும் இல்லாமல் நடுவில் ஒரு திட்டாக ஒடுங்கியது.

பூ மட்டும் குறைந்திருந்தால் நாங்கள் வேறு காரணம் சொல்லியிருப்போம். கூடவே மற்றதெல்லாம் போனது. தாமரை இலை மேலே நீளக் கால் வைத்து ஓடித் திரியும் இலைக்கோழியைக் காணோம். நடக்க இலை இல்லாவிட்டால் அது அங்கே என்ன செய்யும். முக்குளிப்பான் போயிற்று. எருமை கிளப்பிவிடும் பூச்சிக்காக வந்த கொக்குகளும் வரவில்லை. பங்குனியில் குளம் வற்றினாலும், மாடு புரண்டு புரண்டு தோண்டிய குழிகளில் முழங்கால் தண்ணீர் நிற்கும். விராலும் கெளுத்தியும் தவளையும் அதில்தான் கோடையைக் கழிக்கும். அந்தக் குழிகள் தூர்ந்துவிட்டன, வேலிக்குப் பிறகு வந்த கோடைகளில் மீன் கூண்டோடு போனது. சம்புக்கோழி மட்டும் பெருகியது, கொசுவும். ஊரில் எல்லோரும் மழையைக் குறை சொன்னார்கள். சிலர் குளத்துச் சாமி நல்லமாடனுக்குக் கொடைத் திருவிழா குறைந்துவிட்டது என்றார்கள்.

1964 நவராத்திரிக்கு முந்தின நாள் நாறும்பூநாதன் குளத்தில் மொட்டை எண்ணிப் பார்த்தார். ஒன்பது நாளைக்கும் சேர்த்தே நூறு தேறாது. மறுநாள் விடியுமுன்னே யாரிடமும் சொல்லாமல் கூடையைத் துணியால் மூடிக்கொண்டு கடையத்துக்குப் பஸ் ஏறினார். அந்தப் பக்கத்தில் ஒரு குளத்தில் நல்ல தாமரை கிடக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தார். வேறு குளத்துப் பூவை நம் குளத்துப் பூ என்று சாத்துவது. முதலில் நான் குறிப்பிட்டேனே, அவருடைய அந்த ஒரு பொய் இதுதான். அதற்கும் கட்டுப்பாட்டை விடவில்லை. அங்கேயே குளித்து, வாயைக் கட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறார்.

இறங்கி நிமிர்ந்தால், எதிரே பூக்களுக்கு நடுவில் மூக்கு மட்டும் வெளியே தெரிய எருமைகள். ஒன்றுக்குக் காது கிழிந்திருக்கிறது. மூளி! பதினாலில் எட்டு அங்கே கிடந்தன. வாயில் சம்புக் குருத்து. ஒன்று இளசாகப் பார்த்துக் கடித்துக்கொண்டிருந்தது, ஒன்று வேரோடு மிதித்து அமுக்கிக்கொண்டிருந்தது. அவற்றுக்கும் கரைக்கும் நடுவில் தெளிந்த தண்ணீரில் இலைக்கோழி குஞ்சுகளோடு நடந்தது. கரையில் இருந்த மாட்டுக்காரர் கேட்காமலே சொல்லியிருக்கிறார்.

"பயப்படாம பறியும் அண்ணாச்சி. மாடு கொஞ்சம் மிதிக்கத்தான் செய்யும். மாடு எறங்காட்டா சம்புல்லா ஏறிரும். பொறவு பூ ஏது?"

ஊருக்கே தெரிந்த விஷயத்தைச் சொல்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொல்லியிருக்கிறார். இவரால் ஒரு வார்த்தை பதில் பேச முடியவில்லை. கூடை நிறையப் பூவோடு, பஸ்ஸில் கண்டக்டரிடம்கூடக் கையால் ஜாடை காட்டி, ஊர் வந்து கோயிலில் இறக்கி வைத்துவிட்டு என்னிடம் வந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"வே, நாமதான் கெடுத்திருக்கோம்," என்றார். "ஏழெட்டு வருஷமா கைய ஆட்டி வெரட்டுனனே, அந்த மாடுதான் எனக்குப் பூ தந்திருக்கு."

ஒன்பது நாளும் கடையத்துக்குப் போய் வந்தார். பத்தாம் நாள் நாலாவது மனு எழுதினோம், எருமைகளைத் திரும்ப இறங்கவிட வேண்டும் என்று. இந்தத் தடவை மகிஷ வரியெல்லாம் எனக்கு வரவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதினேன். மாடு தின்றது சம்பை, மிதித்தது சம்பின் வேரை, புரண்டது மீனுக்குக் குழி என்று. இவ்வளவு தெளிவாக நான் வேறு மனு எழுதியதில்லை.

பஞ்சாயத்துத் தலைவர் படித்துவிட்டுச் சிரித்தார்.

"அண்ணாச்சி, வெளிய போர்டுல தேதி போட்டிருக்கே, அது யாரு மனு? மாடு எறங்குனா குளம் அசுத்தம்னு எழுதுனதும் நீங்க, எறங்காட்டா குளம் நாசம்னு எழுதுததும் நீங்க. நாங்க எதை நம்புறது?"

"இப்ப எழுதுனத நம்புங்க. அப்ப எனக்குத் தெரியலை."

"தெரியாம எழுதுன மனுவுக்கா நாங்க வேலி போட்டோம்? அப்படின்னு மேல ரிப்போர்ட் எழுதச் சொல்லுதியளா?"

அதோடு முடிந்தது. தப்பு என்று ஒருவன் ஒத்துக்கொள்ள வந்தால், கேட்டுக்கொள்ள ஓர் ஆபீஸ் கிடையாது. இத்தனை வருஷம் மனு எழுதிய எனக்கு அதுகூடத் தெரிந்திருக்கவில்லை.

அந்தக் கோடையில் அவரே அரிவாளோடு வேலிக்குள் நுழைந்து சம்பை அறுத்தார். சித்திரை, வைகாசி முழுக்க அறுத்தார். கையெல்லாம் கீறல். நானும் இரண்டு நாள் போனேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆனியில் சாரல் விழுந்ததும் அறுத்த இடத்திலெல்லாம் இரண்டு பங்காக முளைத்து நின்றது. பதினாலு எருமை நாள் தவறாமல் மேய்ந்து மிதித்து அடக்கி வைத்ததை ஒரு மனிதன் அரிவாளால் என்ன செய்துவிட முடியும். வடிவாம்பாள் என்னிடம் வந்து அழுதாள். "அவுகளை நிறுத்தச் சொல்லுங்க தம்பி. ராத்திரி கையை மடக்க முடியலை."

1965 நவராத்திரி முதல் நாள். இந்தத் தடவை கடையத்துக்குப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டார். நல்லமாடன் குளத்தில் கிடைத்தது பதினோரு பூ. பேசாமல் கொண்டுவந்து சந்நிதியில் கூடையை இறக்கினார். இறக்கிய பிறகுதான் பேசினார்.

"பதினொண்ணுதான் இருக்கு. குளத்தைக் கெடுத்தது நான். போன வருஷம் சாத்துனது நம்ம குளத்துப் பூ இல்லை. அதையும் சொல்லிருதேன்."

அவர் என்னென்னவோ எதிர்பார்த்திருக்கிறார். ஊர் கூடும், ஏசுவார்கள், கூடையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று. பால்வண்ணநாத குருக்கள் கூடையை எட்டிப் பார்த்தார்.

"அதனாலென்ன ஓய். செவ்வரளி வேண்டியமட்டும் இருக்கு. அதுவும் செகப்புதானே. அம்பாள் ஒண்ணும் கோச்சுக்க மாட்டா," என்று சொல்லிவிட்டு மணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஏசியிருந்தால் தாங்கியிருப்பார். பத்து வருஷம் எதற்காக மல்லுக்கு நின்றாரோ, எதற்காக ஒரு குளத்தையும் ஒரு குடும்பத்தையும் கெடுத்தாரோ, அது இல்லாமலே பூஜை நடந்துவிட்டது. கோயிலிலிருந்து நேராகக் குளத்துக்குப் போய் வெறுங்கையால் முள்வேலியைப் பிரித்துப் போட்டார். பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க. பிறகு ஆவுடையம்மாள் வீட்டுக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

அவள் வாசலில் வெண்டைக்காயைக் கூறு பிரித்துக்கொண்டிருந்தாள். எருமை கட்டிய முளைக்குச்சிகள் பதினாலும் அப்படியே இருந்தன. அதில் கயிறு கட்டித் துணி காயப் போட்டிருந்தாள்.

"ஆவுடை," என்றார். அதுவரைக்கும் அவளை ஏட்டி என்றுதான் கூப்பிடுவார். "வேலியப் பிரிச்சிட்டேன். மாடு எறங்கலாம். குளத்துல பூவே இல்லை."

அவள் கூறு பிரிப்பதை நிறுத்தவில்லை. "மாட்டுக்கு எங்க போவேன்?"

"கடையத்துல நிக்கி. மூளியப் பார்த்தேன்."

"பார்த்தியளா?" என்று அப்போதுதான் நிமிர்ந்தாள். "நல்லாருக்கா?" ஒரு கணம் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. உடனே சரிசெய்துகொண்டாள். "பூவு இல்லைன்னு இவ்வளவு தூரம் வந்திருக்கிய. அஞ்சு வருஷமா இந்த வீட்டுல எம் பிள்ளையளுக்குச் சொட்டு மோரு இல்லை. அதுக்கு ஒரு நாளாவது வந்தியளா?"

அவர் வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. இந்தத் தடவை அவரைப் பேசக் கூடாது என்று தடுக்க எந்தக் கட்டுப்பாடும் இல்லை. திரும்பி நடந்து வந்துவிட்டார்.

மறுநாள் காலை என் பெட்டியடியில் வந்து உட்கார்ந்தார். ஒரு மனு எழுத வேண்டும் என்றார். யாருக்கு என்றேன். ஆவுடையம்மாளுக்கு என்றார். அவளுக்குப் படிக்கத் தெரியாதே என்றேன்.

"நீரு போய் வாசியும். எனக்கு வாயால சொல்ல வரலை வே. உம்ம எழுத்துலதான் அவளைக் கெடுத்தேன், அதுலயே சொல்லிருதேன்."

எழுதினேன். குளம் போனது, மீன் போனது, பறவை போனது, அவள் மாடு போனது, எல்லாவற்றுக்கும் நான்தான் காரணம் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கீழே அவர் கையெழுத்து. எழுதியவன் என்று என் கையெழுத்தையும் போட்டேன். வழக்கமாக நான் போடுவதில்லை.

அவள் பாவூர்சத்திரத்திலிருந்து பஸ்ஸில் வந்து மூட்டையை இறக்கினதும் வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டாள்.

"இதுல என்ன கேட்டிருக்காவ?"

"ஒண்ணும் கேக்கலை. தப்புன்னு சொல்லியிருக்காவ."

"மனுன்னா பதிலு எழுதணும்லா?"

"எழுதலாம். என்ன எழுதட்டும்?"

அவள் யோசிக்கக்கூட இல்லை. "அன்னைக்கு நான் பஞ்சாயத்துல சொன்னதுக்கு என்ன எழுதுனாவளோ, அதையே எழுதுங்க. தள்ளுபடின்னு."

எழுதினேன். மையில் கட்டைவிரலைத் தோய்த்து அழுத்தி வைத்துவிட்டு, மூட்டையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குள் போனாள். காகிதத்தை நாறும்பூநாதனிடம் கொடுத்தேன். படித்துவிட்டு அந்தக் கைரேகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நியாயமாத்தான் எழுதியிருக்கா," என்றார்.

அந்த வருஷம் மீதி எட்டு நாளும் அம்பாளுக்கு அரளிதான்.